குறிப்பிட்ட காளைக்குப் பிறந்த கிடேரியை எடைபோடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

பெயர் பெற்ற காளை ஒன்றைச் சொல்லி, அதற்குப் பிறந்த கிடேரி இதுதான் என்று முன்னால் நிறுத்தினால் நம்மில் முக்கால்வாசிப் பேர் இரண்டில் ஒன்றைச் செய்கிறோம். காளையின் பெயரைக் கேட்டதுமே கிடேரியைச் சரியாகப் பார்ப்பதை விட்டுவிடுகிறோம். அல்லது கிடேரி கொஞ்சம் நோஞ்சானாக நின்றால், காளையே சரியில்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம். நான் இரண்டையும் செய்திருக்கிறேன், இரண்டிலும் ஏமாந்திருக்கிறேன்.

எங்கள் தொழுவத்தில் ஒரே காளைக்கு ஒன்பது நாள் இடைவெளியில் இரண்டு கிடேரிகள் பிறந்தன. நெற்றியில் வெள்ளை இருந்ததால் ஒன்றுக்குச் சுட்டி என்று பெயர், இன்னொன்று கறுப்பி. ஏழாவது வாரத்தில் கறுப்பிக்கு நுரையீரல் காய்ச்சல் வந்தது. பிழைத்துக்கொண்டது, ஆனால் அதற்குப் பிறகு எப்போது பார்த்தாலும் சுட்டிக்கு ஒரு கை உயரம் குறைவாகவே நிற்கும். ஒரு வருடம் கழித்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் கட்டிப் பார்த்த ஒருவர், இவை ஒரே காளையின் பிள்ளைகள் என்பதை நம்பவே இல்லை. இவை இரண்டையும் வைத்துக் கற்றதுதான் கீழே சொல்வதில் பாதி.

படி 1: அப்பன் அதுதானா என்று முதலில் பாருங்கள்

சிரிப்பாக இருக்கலாம், ஆனால் தவறு அதிகம் நடக்கும் இடமே இதுதான். சினை ஊசி போட்ட தேதியையும் கன்று பிறந்த தேதியையும் எடுத்து நாளை எண்ணுங்கள். ஹோல்ஸ்டீனில் சினைக்காலம் சராசரியாக 279 நாள், ஜெர்சியிலும் ஏறக்குறைய அதே அளவுதான், பிரவுன் சுவிஸில் 287 நாள் வரை போகும், திமில் உள்ள நாட்டு இனங்களில் 285 நாளைத் தாண்டுவது சகஜம். ஒரு வாரம் பத்து நாள் முன்னே பின்னே இருக்கலாம். இரட்டைக் கன்று என்றால் சில நாள் முந்தும்.

எங்களிடம் ஒரு மாடு கடைசி ஊசி போட்ட 259ஆம் நாளில் கன்று போட்டது. கன்று குறைமாதமாக இருந்தால் மயிர் குட்டையாக, கால் நிற்காமல், பல் சரியாக வெளியே வராமல் இருக்கும். இது அப்படி இல்லை. பிறந்த அரை மணி நேரத்தில் எழுந்து மடியைத் தேடியது. குறிப்பேட்டைப் புரட்டினால் அந்த ஊசிக்கு 21 நாள் முன்னால் இன்னொரு காளையின் ஊசி போட்டிருந்தோம். 259-ஐயும் 21-ஐயும் கூட்டினால் 280. முதல் ஊசியிலேயே சினை பிடித்திருக்கிறது, சினையாக இருந்த மாடே திரும்பவும் பருவ அறிகுறி காட்டியிருக்கிறது, நாமும் ஏமாந்து இன்னொரு ஊசி போட்டிருக்கிறோம். கணக்குப் போட்டிருக்காவிட்டால் அந்தக் கிடேரியின் குணங்களை எல்லாம் வேறொரு காளையின் கணக்கில் எழுதியிருப்பேன்.

அதனால் சினை ஊசிக்கு விந்து அடைத்து வரும் குச்சியைத் தூக்கி எறியாதீர்கள். அதன் மேல் காளையின் எண்ணும் விந்து எடுத்த தேதியும் அச்சாகியிருக்கும். குறிப்பேட்டில் அந்த மாட்டுக்கான பக்கத்தில் ஒட்டுநாடா போட்டு ஒட்டி வைத்தால் போதும். சந்தேகம் தீரவே இல்லை என்றால், வேரோடு பிடுங்கிய வால் மயிரை அனுப்பி மரபணுச் சோதனையில் அப்பனை உறுதி செய்யலாம்.

இந்தக் கட்டத்திலேயே இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். காளைக்கன்றோடு இரட்டையாகப் பிறந்த கிடேரியா? அப்படிப்பட்டதில் நூற்றுக்கு 90-க்கு மேல் மலடாகத்தான் இருக்கும். முதல் மாதத்திலேயே கால்நடை மருத்துவர் பிறப்புறுப்பின் ஆழத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவார். சாதாரணக் கன்றில் 12 முதல் 15 செ.மீ. வரை போகும், மலட்டுக் கன்றில் 5, 6 செ.மீ.யிலேயே முட்டி நின்றுவிடும். அது மலடு என்றால் மேற்கொண்டு குணம் பார்த்துப் பயனில்லை.

படி 2: காளையின் தாளைப் படிப்பது

காளைக்கு ஒரு விவரத்தாள் இருக்கும். அதில் பெரிய எழுத்தில் பால் எவ்வளவு கூடும் என்று போட்டிருப்பதைப் பார்ப்பதற்கு முன்னால், பக்கத்தில் சின்ன எழுத்தில் நம்பகத்தன்மை எத்தனை சதவீதம் என்று இருப்பதைப் பாருங்கள். பெற்றோரை மட்டும் வைத்துக் கணித்த இளங்காளைக்கு அது 30, 40-ஐத் தாண்டாது. மரபணுச் சோதனை செய்த இளங்காளைக்கு 70-ஐ ஒட்டி வரும். நூற்றுக்கணக்கான மகள்கள் கறந்து காட்டிய காளைக்கு 90-க்கு மேல். நம்பகத்தன்மை குறைவாக இருக்கும் எண், அடுத்த கணிப்பில் மேலேயும் போகலாம், கீழேயும் வரலாம். அமெரிக்காவில் ஹோல்ஸ்டீனுக்கு மரபணுக் கணிப்பு 2009-இல் அதிகாரப்பூர்வமாக வந்த பிறகு, மகள் ஒன்றுகூடக் கறக்காத காளைகளின் விந்துதான் பெருமளவில் விற்கிறது. ஆகவே உங்கள் கிடேரியே அந்தக் காளையின் முதல் சில நூறு மகள்களில் ஒன்றாக இருக்கலாம்.

எண் எந்த வகை என்பதையும் கவனியுங்கள். சில நாடுகளில் மகளுக்குக் கடத்தும் பங்கைப் போடுவார்கள், அது பி.டி.ஏ. சில நாடுகளில் காளையின் முழு மரபு மதிப்பைப் போடுவார்கள், அது இ.பி.வி. முன்னது பின்னதில் சரிபாதி. பி.டி.ஏ.வில் பால் 400 கிலோ என்றால், அந்தக் காளையின் மகள்கள் அந்த நாட்டின் அடிப்படை அளவில் நிற்கும் காளையின் மகள்களைவிடச் சராசரியாக 400 கிலோ கூடுதலாகக் கறப்பார்கள் என்று பொருள். இ.பி.வி.யில் அதே 400 என்றால் மகளுக்கு வருவது 200-தான். ஒரு நாட்டுத் தாளை இன்னொரு நாட்டுத் தாளோடு நேரடியாக ஒப்பிடாதீர்கள், அடிப்படையே வேறு.

இந்தச் சராசரி என்ற வார்த்தையில்தான் எல்லாம் இருக்கிறது. காளை தன் மரபில் பாதியைத் தருகிறது, ஆனால் எந்தப் பாதி என்பது ஒவ்வொரு கன்றுக்கும் சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி. வெவ்வேறு தாய்களுக்குப் பிறந்த ஒரே காளையின் மகள்களை வரிசையாக நிறுத்தினால், அந்த இனத்தில் உள்ள மரபு வேறுபாட்டில் முக்கால் பங்கு அவர்களுக்குள்ளேயே இருக்கும். திரும்பவும் படியுங்கள், முக்கால் பங்கு. "இந்தக் காளையின் பிள்ளைகள் எல்லாம் ஒரே அச்சு" என்று யாராவது சொன்னால் அவர் நிறத்தைப் பற்றிப் பேசுகிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பெயருக்குப் பின்னால் வரும் குறிகளைத் தவற விடாதீர்கள். பிஎல், சிவி போன்ற எழுத்துகள் அந்தக் காளை ஒரு மறைந்த குறைபாட்டைச் சுமக்கிறது என்பதைச் சொல்லும். 1962-இல் பிறந்த பானி ஃபார்ம் அர்லிண்டா சீஃப் என்ற ஹோல்ஸ்டீன் காளைக்கு 16,000 மகள்கள், இன்றைய ஹோல்ஸ்டீன் மரபில் ஏறக்குறைய 14 சதவீதம் அதிலிருந்து வந்ததுதான். பால் கொடுத்த அதே காளை எச்எச்1 என்ற குறையையும் கொடுத்தது. தாய், தந்தை இரண்டு பக்கமும் அது சேர்ந்தால் கரு வயிற்றிலேயே போய்விடும். 1974-இல் பிறந்த கார்லின்-எம் ஐவன்ஹோ பெல்லும் இப்படித்தான், பிளாட் (நோய் எதிர்ப்புச் சக்தி இல்லாமல் போவது, தாளில் பிஎல்), சிவிஎம் (முதுகெலும்பு கோணலாவது, தாளில் சிவி) என்ற இரண்டு குறைகளையும் சேர்த்தே பரப்பியது. காளை சுமந்தால் மகளுக்கு அது வந்திருக்க 50 சதவீதம் வாய்ப்பு. கிடேரியை எவ்வளவு நேரம் பார்த்தாலும் கண்ணுக்குத் தெரியாது, அடுத்த ஊசிக்குக் காளை தேர்ந்தெடுக்கும்போதுதான் இந்தக் கணக்கு வேலைக்கு ஆகும்.

படி 3: எது இப்போது தெரியும், எது தெரியாது

தாளில் இருபது முப்பது குணங்கள் இருக்கும். எல்லாவற்றையும் கன்றில் தேடினால் பைத்தியம் பிடிக்கும். மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

இப்போதே ஓரளவு தெரிபவை: உயரம், எலும்பின் கனம், நெஞ்சின் அகலம், இடுப்பின் சாய்வும் அகலமும், கால் அமைப்பு, காம்புகளின் எண்ணிக்கையும் இடமும், கொம்பு உண்டா இல்லையா. கன்று ஈன்ற பிறகுதான் தெரிபவை: மடியின் ஆழம், முன்மடி ஒட்டியிருக்கும் விதம், பின்மடியின் உயரம், பால், கொழுப்பு, கறக்கும் வேகம். ஒற்றைக் கிடேரியைப் பார்த்து எந்த நாளும் தெரியாதவை: சினை பிடிக்கும் திறன், மடிநோய் எதிர்ப்பு, ஆயுள்.

ஒரு குணத்தில் மாட்டுக்கு மாடு தெரியும் வேறுபாட்டில் மரபுக்கு எவ்வளவு பங்கு என்று பார்த்தால் இந்தப் பிரிவு ஏன் என்று புரியும். உயரத்தில் 40 சதவீதத்தை ஒட்டி, இடுப்புச் சாய்வில் 30-ஐ ஒட்டி, முன்மடி, மடி ஆழம், காம்பு நீளம் எல்லாம் 25 முதல் 30-க்குள், குளம்புக் கோணம் 15 மட்டும்தான். பாலின் அளவில் நாலில் ஒரு பங்கு, கொழுப்புச் சதவீதத்தில் பாதி. சினை பிடிப்பதில் 5-க்கும் கீழே. உயரமான காளையின் கிடேரி உயரமாக நின்றால் அதை நம்பலாம். ஆனால் நல்ல சினைத்திறன் எண் கொண்ட காளையின் மகள் முதல் ஊசியிலேயே சினையானால், அதற்குக் காளையைவிட நீங்கள் பருவத்தைச் சரியாகப் பார்த்ததுதான் காரணமாக இருக்கும்.

இரண்டாம் பிரிவுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. தாயின் மடியையும் தாய்வழிப் பாட்டியின் மடியையும் பாருங்கள். தாயைப் போல பிள்ளை என்று சும்மா சொல்லவில்லை, ஆனால் அது பாதிக் கணக்கு. காளையின் தாள் மீதிப் பாதி.

படி 4: தீவனத்தின் பங்கைக் கழிப்பது

என்னைக் கேட்டால் கிடேரி பார்ப்பதில் கடினமான வேலை இதுதான், கண்ணால் செய்ய முடியாது, டேப் வேண்டும். ஒரு துணி டேப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கன்றைச் சமதளத்தில் நிறுத்தி, முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், தோளுக்கு அடுத்து நெஞ்சைச் சுற்றி அளந்துகொள்ளுங்கள். டேப் தோலைத் தொட்டு நிற்க வேண்டும், இறுக்கக் கூடாது, கன்று மூச்சை வெளியே விடும்போது படியுங்கள். அப்புறம் தோள்முனையிலிருந்து புட்ட எலும்பின் முனை வரை நீளம். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 10,840-ஆல் வகுத்தால் எடை கிலோவில் வரும். சுற்றளவு 160 செ.மீ., நீளம் 130 செ.மீ. என்றால் 307 கிலோ. கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், ஆனால் ஒரே ஆள் ஒரே முறையில் அளந்தால் வளர்ச்சியின் போக்கு தெளிவாகத் தெரியும்.

எந்த வயதில் எவ்வளவு என்பதற்கு இனத்தைப் பொறுத்த கிலோவைவிட, உங்கள் தொழுவத்தின் முழு வளர்ந்த மாட்டின் எடையில் எத்தனை சதவீதம் என்று பார்ப்பது நல்லது. பிறந்த எடை 56 நாளில் இரட்டிப்பாக வேண்டும். முதல் ஊசிக்கு 55 சதவீதம், வேகமாக வளரும் இனங்களில் இது 13 முதல் 15 மாதத்துக்குள் வரும். தலையீற்று ஈன்ற பிறகு 82 முதல் 85 சதவீதம். முழு வளர்ந்த மாடு 550 கிலோ என்றால் ஊசிக்கு 302 கிலோ, மேலே அளந்த 307 கிலோக் கிடேரி தயார்.

எடையோடு உயரத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் வெளியே வரும். உயரத்தைச் சொல்வது எலும்பு, அதில் மரபும் புரதமும் பேசும். எடையில் கொழுப்பும் சேர்ந்துகொள்ளும். உயரம் குறைந்து எடை மட்டும் ஏறியிருந்தால் காளையைக் குறை சொல்லாதீர்கள், புரதம் குறைந்த மாவுத் தீவனம் அதிகமாகப் போயிருக்கிறது. உயரம் சரியாக இருந்து விலா எலும்பு எண்ணும்படி இருந்தால் தீவனம் போதவில்லை, அல்லது குடல் புழு. உயரமும் எடையும் சேர்ந்தே பின்தங்கியிருந்தால் முதல் மூன்று மாதத்தில் கழிச்சலோ நுரையீரல் காய்ச்சலோ வந்ததா என்று குறிப்பேட்டைப் பாருங்கள். எங்கள் கறுப்பியின் கதை இதுதான்.

இதில் மடிக்கும் ஒரு பங்கு இருக்கிறது, பலர் தவற விடுவது இது. மூன்று மாதத்திலிருந்து பருவத்துக்கு வரும் வரை மடித்திசு உடம்பைவிட வேகமாக வளரும். அந்தக் காலத்தில் கிடேரியைக் கொழுக்க வைத்தால் மடிக்குள் பால் சுரக்கும் திசுவின் இடத்தில் கொழுப்பு உட்கார்ந்துகொள்ளும். பார்க்க மடி பெரிதாக, பளபளப்பாக இருக்கும். ஆறு மாதக் கன்றின் மடி கொழுகொழுவென்று இருப்பதைக் காட்டி, "அப்பன் மடி வந்திருக்கிறது பாருங்கள்" என்று சொல்பவரிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள்.

படி 5: எந்த வயதில் பார்ப்பது

நான்கு முறை பார்த்தால் போதும். பிறந்த வாரம், ஐந்து மாதம் வாக்கில், முதல் ஊசிக்கு முன்னால், ஈன்று ஒரு மாதம் கழித்து. ஆறிலிருந்து பத்து மாதம் வரை பார்க்கவே வேண்டாம் என்பேன். அந்த வயதில் பின்பக்கம் முன்பக்கத்தைவிட உயர்ந்து, கால் மட்டும் நீண்டு, தலை பெரிதாகத் தெரிந்து, பதின்வயதுப் பையனைப் போல எல்லாமே பொருந்தாமல் நிற்கும். நல்ல கிடேரிகளைப் பலர் விற்றுவிடுவது இந்த வயதில்தான்.

படி 6: நிறுத்தி, சுற்றி வந்து, நடக்கவிட்டுப் பார்ப்பது

சமதளம், காய்ந்த தரை, நாலு காலும் சதுரமாக. முளையில் கட்டித் தலையைத் தூக்கி இழுத்துப் பிடித்தால் முதுகு வளைந்து எல்லாமே பொய்யாகத் தெரியும். கயிற்றைத் தளர்வாகப் பிடித்து அதுவாக நிற்கும் வரை காத்திருங்கள்.

பக்கவாட்டிலிருந்து முதலில் இடுப்பு. இடுப்பு எலும்பின் முனையையும் வாலுக்கு இருபுறமும் உள்ள புட்ட எலும்பின் முனையையும் கண்ணால் ஒரு கோடு போட்டு இணையுங்கள். பின்முனை முன்முனையைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்க வேண்டும். சர்வதேச அளவுகோலான 1 முதல் 9 வரையிலான மதிப்பீட்டில், வளர்ந்த மாட்டுக்கு 4 செ.மீ. தாழ்வு என்பது 5 மதிப்பெண், சமமாக இருந்தால் 3, பின்முனை உயர்ந்திருந்தால் 1. உயர்ந்திருப்பது ஏன் கெடுதல் என்றால், ஈன்ற பிறகு கருப்பையிலிருந்து அழுக்கு வடிந்து வெளியே வர வழி சரியாக இருக்காது, சிறுநீரும் உள்பக்கம் தேங்கும். ரொம்பச் சரிந்திருந்தாலும் பின்னங்கால் நிலை கெடும். கண் ஏமாற்றுகிறது என்றால் கையை வையுங்கள்: ஒரு கையின் விரல்நுனி இடுப்பு முனையில், மறு கை புட்ட எலும்பில், இரண்டு கையும் ஒரே மட்டமா என்று பாருங்கள். வால் அடி உயர்ந்து எழும்பியிருக்கும் கன்றுகளில் கண் எப்போதும் தவறாகவே சொல்லும், கைதான் சரி.

இந்தக் குணத்தை நான் தனியாக இழுத்துப் பேசுவதற்குக் காரணம், கிடேரி வயதில் தெரிவதும் பிற்காலத்தில் பெரிதாக மாறாததும் மரபுப் பங்கு கணிசமாக இருப்பதும் ஒன்றாகச் சேர்ந்த குணங்கள் ரொம்பக் குறைவு. இடுப்புச் சாய்வு அதில் ஒன்று. காளையின் தாளில் இந்தக் குணத்தைக் காட்டும் கோடு இடுப்பு உயர்ந்த பக்கம் நீண்டிருந்து, கிடேரியிலும் கை அதையே சொன்னால், அதை நம்பி அடுத்த காளையைத் தேர்ந்தெடுக்கலாம்.

அடுத்து பின்னங்கால். பக்கவாட்டில் கணு மூட்டின் (பின்னங்காலின் நடுவில் பின்பக்கம் துருத்தி நிற்கும் மூட்டு) கோணம் 147 டிகிரி அளவில் இருப்பது நடுநிலை. தூண் மாதிரி நேராக நின்றால் மூட்டு சீக்கிரம் வீங்கும், அரிவாள் மாதிரி வளைந்தால் குதிகால் தேயும். பின்னால் நின்று பார்க்கும்போது இரண்டு கணுவும் உள்பக்கம் நெருங்கி, குளம்பு வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் கழித்துவிட வேண்டியதில்லை, வழுக்கும் தரையும் வெட்டாத குளம்பும்கூட அப்படிக் காட்டும். குளம்புக்கு அப்படியே காளையைக் காரணம் சொல்ல முடியாது, மரபுப் பங்கே குறைவு என்று மேலே சொன்னேன். நடக்கவிடுங்கள். முன்னங்கால் பதிந்த இடத்துக்குப் பக்கத்தில் பின்னங்கால் விழுகிறதா, முதுகு நேராக இருக்கிறதா, தலையை ஆட்டுகிறதா என்று பார்த்தால் போதும்.

நெஞ்சு, விலா: முன்னங்கால்கள் இரண்டுக்கும் நடுவில் இடம் இருக்கட்டும். விலா எலும்புகள் பின்னோக்கிச் சாய்ந்து, விரலை இடையில் வைக்க முடிகிற அளவு அகன்றிருந்தால் நல்லது. தாடை அகலம், மூக்குத் துவாரம், கண் எல்லாம் பார்க்க அழகு, பால் கணக்கில் பெரிதாக வராது.

காம்பைப் பிறந்த வாரத்திலேயே பாருங்கள். கன்றைப் படுக்க வைத்துப் பின்னங்காலை மெதுவாகத் தூக்கினால் நாலு காம்பும் தெரியும். நாலும் சதுரமாக, ஒன்றுக்கொன்று எட்டி நிற்கிறதா? பின்காம்புகள் இரண்டும் ஒட்டிக்கொண்டு நின்றால் வளர்ந்த பிறகும் பெரும்பாலும் நெருங்கித்தான் இருக்கும், இயந்திரத்தில் கறக்கும்போது தலைவலி. கூடுதல் காம்பு இருந்தால் மருத்துவரிடம் சொல்லிச் சின்ன வயதிலேயே எடுத்துவிடலாம். ஆனால் காம்போடு ஒட்டி வளர்ந்ததை நீங்களாக வெட்டாதீர்கள், எது நிஜக் காம்பு என்பதே குழம்பும். எடுத்தாலும் குறிப்பில் எழுதி வையுங்கள், இது மரபில் வருவது. ஒரு வருடம் கழித்துத் தழும்புகூடத் தெரியாது, அப்போது அந்தக் காளையின் கணக்கில் இதை யாரும் சேர்க்க மாட்டார்கள்.

கொம்பில்லாத காளையின் கன்றுக்குக் கொம்பு முளைத்தால் பதற வேண்டாம். கொம்பில்லாத மரபு தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்து இரட்டையாக இருக்கும் காளைக்கு எல்லாக் கன்றும் கொம்பில்லாமல் வரும், ஒற்றையாக இருந்தால் கொம்புள்ள மாடுகளில் பாதிக் கன்றுதான். இதைத் தாளிலேயே போட்டிருப்பார்கள்.

ஒரு பழைய கதையையும் சொல்லிவிடுகிறேன். 19ஆம் நூற்றாண்டில் பிரான்ஸைச் சேர்ந்த கெனோன் என்பவர், மடிக்குப் பின்னால் மயிர் மேல்நோக்கி வளரும் பரப்பின் வடிவத்தை வைத்தே மாடு எவ்வளவு கறக்கும் என்று சொல்லிவிடலாம் என்றார். அதை நம்பி ஒரு தலைமுறையே மாடு வாங்கியது. கறந்து அளந்து பார்த்தபோது பொருந்தவில்லை. நிறம், வால் நீளம், தோலின் மென்மை என்று இன்றும் சொல்லப்படுபவற்றையும் நான் இந்தப் பட்டியலில்தான் வைப்பேன்.

படி 7: யாரோடு ஒப்பிடுவது

கிடேரியைத் தாளோடு ஒப்பிடாதீர்கள், கூட வளரும் கூட்டத்தோடு ஒப்பிடுங்கள். அதே தொழுவம், அதே தீவனம், ஒன்றிரண்டு மாத இடைவெளிக்குள் பிறந்த, வேறு காளைகளின் கிடேரிகள். காளைகளைக் கணிக்கிற முறையும் அடிப்படையில் இதுதான். ஒவ்வொரு குணத்துக்கும் 1 முதல் 9 வரை மதிப்பெண் போடுங்கள், இங்கே 9 என்றால் எல்லாக் குணத்திலும் நல்லது என்று பொருள் இல்லை, ஒரு ஓரம் என்றுதான் பொருள். முடிந்தால் அப்பன் யார் என்று தெரியாத ஒருவரையும் போடச் சொல்லுங்கள். நானும் என் தம்பியும் தனித்தனியாகப் போட்டு ஒப்பிட்டபோது, சுட்டிக்கு நான் எல்லாவற்றிலும் ஒரு மதிப்பெண் நல்ல பக்கமாகத் தள்ளியே போட்டிருந்தது தெரிந்தது. பிடித்த கன்றுக்குக் கை தானாகத் தாராளமாகிவிடுகிறது.

இனி இதைத் திருப்பிப் போடலாம்: இந்தக் கிடேரியை வைத்துக் காளையைப் பற்றி எவ்வளவு சொல்லலாம்? மரபுப் பங்கு 30 சதவீதம் உள்ள குணத்தில் ஒரே ஒரு மகளைப் பார்த்தால் கிடைக்கும் நம்பகத்தன்மை 7.5 சதவீதம். ஐந்து மகள்களைப் பார்த்தால் 29, பத்து மகள்களுக்கு 45, நூறு மகள்களுக்கு 89. சினை பிடிப்பது போல 4 சதவீதப் பங்கு உள்ள குணத்தில் பத்து மகள்களைப் பார்த்தாலும் 9-தான், நூறு பார்த்தால் 50. ஒரு கிடேரி மோசமாக வந்தது என்று மீதிக் குச்சிகளைத் தூக்கி எறிவது எவ்வளவு அவசரம் என்று இதிலிருந்து பாருங்கள். ஒரே தொழுவத்தில் ஐந்து கிடேரிகளும் ஒரே குறையைக் காட்டினால் அது வேறு விஷயம், அப்போது நானும் அந்தக் காளையை நிறுத்திவிடுவேன்.

கலப்பினத்தில் இந்தக் கணக்கு இன்னும் ஆட்டம் காணும். வெளிநாட்டு இனக் காளையை நாட்டு மாட்டோடு சேர்த்தால் வரும் முதல் தலைமுறை ஓரளவு ஒரே மாதிரி, தெம்பாக வரும். அந்தக் கலப்பினங்களையே தங்களுக்குள் சேர்த்தால் அடுத்த தலைமுறையில் கலப்பு வீரியம் பாதியாகக் குறைந்து, ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத கன்றுகள் வரும். அப்போது காளையின் தாளைவிடத் தாயின் கலப்பு விகிதம் முக்கியம்.

படி 8: வைத்துக்கொள்வதா, அடுத்து எந்தக் காளையைப் போடுவது

கழிப்பதற்குக் காரணமாக நான் ஏற்பது நாலுதான்: மலடு, காம்புக் கோளாறு, நடக்கவே சிரமப்படும் கால், திரும்பத் திரும்ப நுரையீரல் காய்ச்சல். மீதி எல்லாம் அடுத்த காளையைக் கொண்டு சரி செய்யக் கூடியவை. சரி செய்வது என்றால் ஒரு ஓரத்துக்கு மறு ஓரம் இல்லை. இடுப்பு உயர்ந்த கிடேரிக்கு அதிகம் சரிந்த காளையைப் போட்டால் கன்று நடுவில் வரும் என்று உறுதி இல்லை, நடுநிலையைச் சற்றுத் தாண்டிய காளை போதும்.

அப்பனின் விந்தையே மகளுக்குப் போடாதீர்கள், பிறக்கும் கன்றில் நெருங்கிய உறவுக் கலப்பு 25 சதவீதம் ஆகிவிடும். அப்பனின் இன்னொரு மகனைப் போட்டாலோ அப்பனின் அப்பனைப் போட்டாலோ 12.5. குச்சி தீர்ந்துபோய்க் கையில் இருப்பதை எடுத்துப் போடும்போதுதான் இது நடக்கும், அதனால் கிடேரியின் காது எண்ணுக்குப் பக்கத்திலேயே அப்பன், தாயின் அப்பன் இருவரின் எண்ணையும் எழுதி வையுங்கள். அப்பன் சுமக்கும் குறை எதுவோ அதைச் சுமக்காத காளையாகப் பாருங்கள். தலையீற்று என்பதால் சுலபமாகக் கன்று ஈனவைக்கும் காளையாக இருக்கட்டும்.

படி 9: ஈன்ற பிறகு

ஈன்ற முதல் வாரத்து மடியைப் பார்த்து மதிப்பெண் போடாதீர்கள், மடியில் கோர்த்த நீர் வீக்கம் இறங்க வேண்டும். ஒரு மாதம் கழித்து, கறப்பதற்கு முன்னால், பின்பக்கம் குனிந்து மடியின் அடித்தளம் கணு மூட்டுக்கு எவ்வளவு மேலே நிற்கிறது என்று பாருங்கள். தலையீற்றில் நன்றாக மேலே இருக்க வேண்டும், ஈற்று கூடக்கூட அது இறங்கத்தான் செய்யும். நடுத்தசைநார் மடியை இரண்டாகப் பிரித்து ஒரு பள்ளம் காட்டுகிறதா? முன்மடி வயிற்றோடு சரிவாகப் போய்ச் சேர்கிறதா, இல்லை விரல் நுழையும் இடைவெளியோடு தொங்குகிறதா? பாலைப் பொறுத்தவரை தலையீற்று மாடு தன் முழு அளவில் முக்கால் பங்கு, அதற்குக் கொஞ்சம் மேலே கறக்கும். அதைப் பக்கத்தில் நிற்கும் நாலாம் ஈற்று மாட்டோடு ஒப்பிட்டுக் குறை சொல்ல வேண்டாம்.

சுட்டி முதலில் ஈன்றது. உயரம், நெஞ்சு எல்லாம் தாளில் சொன்னபடி, ஆனால் முன்மடி தளர்வு, எனக்கு 4-க்கு மேல் போட மனம் வரவில்லை. கறுப்பி ஊசிக்கு வேண்டிய எடையை எட்டவே மூன்று மாதம் பிந்தியதால் ஈன்றதும் பிந்தித்தான். இடையில் அதை விற்க ஆள்கூடப் பேசி வைத்திருந்தேன், விலை படியவில்லை. ஈன்ற முப்பதாம் நாள் தம்பி குனிந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நோட்டை என்னிடம் நீட்டினான். முன்மடிக்கு 7, மடி ஆழத்துக்கு 7, இடுப்புக்கு 5. உயரத்துக்கு மட்டும் 3.